கியோட்டோவில் பதினொரு மாதம் ஹோம்ஸ்டே: கொடுத்த காசுக்குத் தகுமா?

ஜப்பானில் மொழிப்பள்ளியில் சேரப் போகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஹாஸ்டலா, நாலு பேர் சேர்ந்து ரூம் எடுப்பதா, இல்லை ஹோம்ஸ்டேயா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்து கை ஓய்ந்துவிட்டது, அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். நான் இருந்தது 2023 அக்டோபரிலிருந்து 2024 ஆகஸ்ட் கடைசி வரை, கியோட்டோவின் தெற்கே ஃபுஷிமியில், பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போய் வேறு ஊரில் குடியேறிவிட்ட ஒரு வயதான தம்பதியின் வீட்டில். சாகே என்கிற அரிசி மது தயாரிக்கும் பழைய ஆலைகள் இருக்கிற பக்கம். குளிர்காலத்தில் நடந்து போனால் சில தெருக்களில் வெந்த அரிசி வாசனை வரும், முதல் வாரம் முழுக்க யார் வீட்டிலோ பொங்கல் வைக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காசு. மாதம் 80,000 யென். அப்போதைய மதிப்பில் நம் பணத்துக்கு 45,000 ரூபாய் பக்கம் வந்தது. காலைச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, கரண்ட், கேஸ், வைஃபை எல்லாம் இதிலேயே அடக்கம், மதியச் சாப்பாடு நம் செலவு. ஏஜென்சிக்குச் சேர்ப்புக் கட்டணம் தனி. என் வகுப்பில் இருந்த நேபாளப் பையன்கள் மூன்று பேர் ஒரு வீடு பிடித்து, ஆளுக்கு இதில் பாதிகூட இல்லாமல் சமைத்துச் சாப்பிட்டு மாதத்தை ஓட்டினார்கள். மாணவர் விசாவில் அனுமதி வாங்கிக்கொண்டால் வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம், நான் போன 2023 அக்டோபரில் கியோட்டோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,008 யென். இருபத்தெட்டு மணி நேரமும் உழைத்தால் இந்த வாடகை வந்துவிடும்தான், ஆனால் அப்படி உழைக்கிறவர் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க மாட்டார், மேஜையில் நடக்கிற பேச்சுக்காகத்தான் இவ்வளவு காசையும் கொடுக்கிறோம் என்கிறபோது இது சுத்த நஷ்டம். கடன் வாங்கிப் போகிறவர்கள், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள், தயவுசெய்து ரூம் எடுத்துக்கொள்ளுங்கள். இதுக்கு மேல் நீங்கள் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

சரி, மற்றவர்களுக்கு. ஏஜென்சியைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. படிவத்தில் சைவம் என்று தெளிவாகக் குறித்திருந்தேன், முட்டை பால் பரவாயில்லை, மீன் இறைச்சி கிடையாது என்று தனியாக மெயிலும் போட்டேன், பிரச்சினை இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. போய்ப் பார்த்தால் அந்த வீட்டு அம்மா கையில் இருந்த தாளில் இறைச்சி பிடிக்காது என்று மட்டும்தான் இருந்தது. பாவம், முதல் நாள் ராத்திரி எனக்காகவே மீன் வாட்டி வைத்திருந்தார்கள். மேஜையில் எல்லோரும் என் முகத்தையே பார்க்க, நான் சாதத்தையும் ஊறுகாயையும் சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

மீனை விடுங்கள், அது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதது தாஷி. காய்ந்த போனிட்டோ மீனைச் சீவி, சுடுதண்ணீரில் ஊற வைத்து எடுக்கிற சாறு அது. மிசோ என்கிற சோயா விழுதில் வைக்கும் சூப், வேகவைத்த பூசணி, முட்டை ரோல், நூடுல்ஸ் குழம்பு என்று நம் வீட்டில் தாளிப்பு எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் அவர்களுக்கு அது. கீரையை வேகவைத்துப் பிழிந்து அழகாக அடுக்கி, மேலே அந்தச் சீவலைத் தூவிக் கொடுப்பார்கள், ஆவி பட்டதும் அது உயிருள்ளது போல நெளியும். ஜப்பானியக் கறி இருக்கிறதே, நம்ம ஊர் ஞாபகத்தில் அதன்மேல் ஆசையாகப் பாயாதீர்கள், கடையில் விற்கிற அந்தக் கறிக் கட்டிகள் பெரும்பாலானவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். மூன்றாவது வாரம் என் அரைகுறை ஜப்பானியத்தில் இதையெல்லாம் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஆ, கோவில் சாப்பாடு மாதிரி என்றார்கள். புத்த மடங்களில் சைவச் சமையல் உண்டு, அதன் அடிப்படையே கடற்பாசியும் காய்ந்த ஷீதாகே காளானும் ஊறிய தண்ணீர். அந்தக் கடற்பாசியின் பெயர் கொம்பு. நிஜமாகவே கொம்புதான் பெயர். அடுத்த நாளிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் கொம்பு ஊறுகிற ஒரு பாட்டில் எனக்கென்று நின்றது, நான் கிளம்பும் வரை நின்றது.

ஆகவே படிவத்தில் சைவம் என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். கத்சுவோ (போனிட்டோ மீன்) தாஷியும் சாப்பிட மாட்டேன், கொம்பு தாஷி என்றால் சரி என்று ஜப்பானிய மொழியில் யாரையாவது எழுதித் தரச் சொல்லி, அதைக் குடும்பத்திடம் நேராகக் காட்டுங்கள். ஏஜென்சியை நம்பி விட்டுவிட வேண்டாம்.

குளியலறைக்கு வருவோம். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுசாகக் குளித்த பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், தொட்டித் தண்ணீர் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான், குளித்துவிட்டுத் தக்கையைப் பிடுங்கிவிடக் கூடாது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், வீடியோ பார்த்துத் தயாராகத்தான் போயிருந்தேன். எந்த வீடியோவிலும் இல்லாத தப்பைச் செய்தேன். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அம்மா கொடுத்து அனுப்பிய நல்லெண்ணெயைத் தலையில் தேய்த்து, ஐந்து மணிக்கு முன்னால் சத்தம் போடாமல் போய்க் குளித்தேன். வெந்நீர் மெஷின் பேசும் என்பதை மறந்துவிட்டேன். நடுங்கும் குளிரில், இருட்டில், ஒரு பெண் குரல் சின்னப் பாட்டோடு குளியல் தயார் என்று வீடு முழுக்க அறிவித்தது. ஷாம்பு இரண்டு தடவை போட்டுத்தான் தொட்டியில் இறங்கினேன், இருந்தும் தண்ணீர்மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. அதை மக்கால் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே அந்த அம்மாவின் குரல், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று. பண்டிகை, எண்ணெய், குளியல் என்று மூன்று சொல்லை மட்டும் கத்தினேன். காலையில் சாப்பாட்டு மேஜையில் கங்கா ஸ்நானத்தை விளக்க என்னிடம் இருந்த ஜப்பானியம் போதவில்லை, ஆனால் அன்றைக்கு அவர்கள் கடைக்குப் போய் அவரை இனிப்பு உருண்டை வாங்கி வந்தார்கள். அதற்குப் பிறகு எண்ணெய்க் குளியல் நாளில் எனக்கு ஷவர் மட்டும்தான், தொட்டி கிடையாது, இப்படி ஒரு சட்டம் வந்தது. நியாயம்தானே.

குளிரைப் பற்றி யாரும் சொல்லாததால் சொல்கிறேன். கியோட்டோ மலை சூழ்ந்த பள்ளம், தரையிலிருந்து எழும்பும் அந்தக் குளிருக்கு சொகோபியே என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பழைய மர வீட்டில் வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு எல்லாம் இருக்காது. இருக்கிற அறையை மட்டும் சூடாக்குவார்கள், நடைவழியும் கழிப்பறையும் ஐஸ். என் அறை ஆறு பாய் அளவு, பகலில் ஃபுத்தோன் மெத்தையை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட வேண்டும். மாலை முழுக்க எல்லோரும் கொதாத்சுவுக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அடியில் ஹீட்டரும் மேலே மெத்தைப் போர்வையும் வைத்த குட்டை மேஜை அது. உங்கள் அறைக்குப் போய்த் தனியாக இருக்கலாம் என்று நினைத்தாலும் குளிர் விடாது, பேச்சு நடக்கிற இடத்துக்கே துரத்திவிடும். நான் பேசக் கற்றுக்கொண்டதில் பாதிப் புண்ணியம் இந்தக் குளிருக்குத்தான்.

பேச்சு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்கு ஜப்பானிய மொழி வரும். வகுப்பில் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் வினை கடைசியில் வருவதற்கே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், நமக்கு வேறெங்கே வரும்? தபேதே மிரு என்றால் சாப்பிட்டுப் பார், கத்தே ஒகு என்றால் வாங்கி வை, தபேதே ஷிமத்தா என்றால் சாப்பிட்டுவிட்டேன். பாரும் வையும் விடும் அதே இடத்தில் அதே வேலை செய்கின்றன. வெளியே கிளம்பும்போது சொல்கிற இத்தேகிமாஸ் சொல்லுக்குச் சொல் போய்விட்டு வருகிறேன். ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்றே வாதாடினார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளவில்லை, எனக்கு அந்தச் சண்டை வேண்டாம், பரீட்சையில் உதவியது, போதும்.

ஆனால் பள்ளிக்கூடம் சொல்லித் தருவது டோக்கியோ ஜப்பானியம். வீட்டில் ஓடுவது கியோட்டோ பேச்சு, அதில் வினைக்குப் பின்னால் ஹாரு என்று ஒன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் அது எனக்குப் புரியவே இல்லை. ஒருநாள் பின்வாசலில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்தது, அந்த அம்மா எட்டிப் பார்த்து கிதேஹாரு என்றார்கள். வந்திருக்காங்க! நம் பேச்சில் வருகிற அந்த ங்கதான். தபால்காரர், டாக்டர், எதிர் வீட்டுப் பாட்டி, பூனை, எல்லோருக்கும் ஒரு ங்க. அந்த நிமிஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பேச்சு எனக்குப் பிடிபட ஆரம்பித்துவிட்டது. இதை 80,000 யென்னில் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியவில்லை, ரூம் எடுத்துத் தங்கியிருந்தால் கிடைத்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

கியோட்டோக்காரர்கள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள் என்று ஜப்பான் முழுக்கக் கிண்டல் உண்டு. எனக்கும் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஒசாகா போய்ச் சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்கு வீடு திரும்பினேன். கெய்ஹான் ரயில் இவ்வளவு நேரம் வரை ஓடுகிறதே, வசதிதான் இல்லையா என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஆமாம், ரொம்ப வசதி என்று நானும் சந்தோஷமாகச் சொன்னேன். திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். எழுத்தில் போட்ட கட்டுப்பாட்டு நேரம் எதுவும் இல்லை, ஆனால் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றால் மதியம் மூன்று மணிக்குள் மெசேஜ் போட வேண்டும், பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரக் கூடாது. இரண்டாவதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

இனி ஊர் சுற்றல். உண்மையைச் சொன்னால் நான் ஜப்பான் போனதே பாதி இதுக்காகத்தான். ஃபுஷிமி இதற்கு நல்ல இடம். கெய்ஹான் ரயிலில் சூஷோஜிமா போய் மாறினால் கால் மணி நேரத்தில் உஜி, பத்து யென் நாணயத்தில் இருக்கும் ப்யோதோஇன் கோவில் மண்டபம் அங்கேதான் இருக்கிறது, 1053இல் கட்டியது. நாணயத்தைத் தூக்கிப் பிடித்துக் குளத்துக்கு அந்தப் பக்கம் நின்று போட்டோ எடுக்காமல் யாரும் வருவதில்லை, நானும் எடுத்தேன். தேநீர் நன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

நாரா கின்தெத்சு ரயிலில் முக்கால் மணி நேரம். மான்களுக்கு பிஸ்கட் கட்டு நான் போனபோது 200 யென், கொடுத்து முடித்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் சட்டையைக் கடித்து இழுக்கும். தோதாய்ஜி கோவிலில் 15 மீட்டர் உயரப் பெரிய புத்தரைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது, கூட வந்த வீட்டு ஐயா ஒரு விஷயம் சொன்னார். 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் ஓர் இந்தியத் துறவி, போதிசேனர், 736இல் கடல் வழியாக ஜப்பான் வந்தவர். அவர் கண்ணை எழுதிய தூரிகையில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், புண்ணியம் எல்லோருக்கும் சேரட்டும் என்று. நம் ஊரிலும் சிற்பி கடைசியாகத்தான் கண் திறப்பார் என்றேன். அந்த ஐயா பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

அந்த ஐயாவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ரிட்டயர் ஆனவர், அதிகம் பேச மாட்டார், ஆனால் செங்கல் கனத்துக்கு ஒரு ரயில் அட்டவணைப் புத்தகம் வைத்துக்கொண்டு ராத்திரியில் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். டிசம்பரில் நான் ஹிரோஷிமா போக வேண்டும் என்றேன். மாணவர் விசாவில் இருக்கிற நமக்கு ஜேஆர் ரயில்களில் இஷ்டம்போலச் சுற்றுகிற ஜேஆர் பாஸ் கிடையாது, அது சுற்றுலா வருகிறவர்களுக்கு மட்டும், அதிலும் 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸை 29,650இலிருந்து 50,000 யென்னுக்கு ஏற்றிவிட்டார்கள். நமக்கு ஏற்றது சேய்ஷுன் 18 டிக்கெட். பெயரில் பதினெட்டு இருக்கிறதே தவிர எந்த வயதுக்காரரும் வாங்கலாம். ஷின்கான்சென் புல்லட் ரயிலிலும் லிமிடெட் எக்ஸ்பிரஸிலும் ஏற முடியாது, சாதா ரயில்களில் நாள் முழுக்கப் போகலாம். நான் வாங்கியபோது ஐந்து நாளுக்கு 12,050 யென், சீசனுக்குள் எந்த ஐந்து நாளாகவும் பயன்படுத்தலாம், நாளுக்கு ஒரு முத்திரை, ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் போனால் இரண்டு முத்திரை. அந்த நல்ல காலம் முடிந்துவிட்டது. 2024 குளிர்காலத்திலிருந்து மூன்று நாளோ ஐந்து நாளோ தொடர்ச்சியாகத்தான் போக வேண்டும், பகிர்ந்துகொள்ளவும் முடியாது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

ஹிமேஜி, அயோய், ஒகாயாமா என்று மாறி மாறி ஏழு மணி நேரம் பயணம். எந்த நிலையத்தில் எந்தப் பெட்டியில் இருந்தால் படிக்கட்டு பக்கம், அயோயில் கதவு திறந்ததும் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எல்லாவற்றையும் அந்த ஐயா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அயோயில் நிஜமாகவே கிழவிகூட ஓடுகிறார், இடம் பிடிக்க. அந்த அம்மா மூன்று ஒனிகிரி சோற்று உருண்டை துணியில் முடிந்து கொடுத்தார்கள், நடுவில் உமெபோஷி என்கிற ஊறுகாய், உப்பும் புளிப்புமாக நம் நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் நிற்கிற ருசி. கட்டுச்சோறு, துண்டு முடிச்சு, ஜன்னல் ஓரம். வேறென்ன வேண்டும்.

ஹிரோஷிமா அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்துக்கு நான் போனபோது அனுமதி 200 யென். உள்ளே ஒரு குழந்தையின் துருப்பிடித்த மூன்று சக்கர வண்டி இருக்கிறது. அதைத் தாண்டி நான் வேகமாக வந்துவிட்டேன். மறுநாள் மியாஜிமா தீவுக்கு ஜேஆர் படகு, அதுவும் அதே டிக்கெட்டில் போகலாம். திரும்பியபோது மோமிஜி மஞ்ஜு என்கிற அந்த ஊர்ப் பலகாரம் ஒரு பெட்டி வாங்கினேன். இது செலவுக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒன்று. எங்கே போனாலும் வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, சில சமயம் வகுப்புக்கும் பலகாரம் வாங்கி வர வேண்டும். ஒரு பயணத்துக்கு ஆயிரம் யென் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

மிச்சம் மூன்று முத்திரையில் ஒன்று ஹிகோனே கோட்டைக்குப் போனது. படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், சாக்ஸ் வழுக்கும், முழங்கால் பத்திரம். மற்ற இரண்டையும் ஒரே நாளில் தீர்த்தோம், நானும் ஐயாவும் கினோசாகி போனோம். சோனோபேயிலும் ஃபுகுசியாமாவிலும் மாறி, பனி விழ விழ, மலைக்குள் நுழைந்து நுழைந்து போகிற பாதை. ஏழு பொதுக் குளியல் வீடுகள் உள்ள வெந்நீர் ஊற்று ஊர் அது. நாங்கள் மூன்றில் குளித்தோம். அந்த மனிதர் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுகிறதை அன்றைக்கு வெந்நீரில் கழுத்து வரை உட்கார்ந்து பேசித் தீர்த்தார். தன் பையன் ஊருக்கு வருவதில்லை என்பதையும் அங்கேதான் சொன்னார். எண்ணெய் தேய்க்கவில்லையே என்று கடைசியில் கேட்டார், சிரிக்காமல்.

குறை இல்லாமல் இல்லை. அலுத்துப்போய் வந்து யாரோடும் பேசாமல் படுக்க முடியாது, ததாய்மா (வந்துவிட்டேன்) சொல்லி, ஒகாயெரி (வா வா) வாங்கி, இன்றைக்கு எப்படி இருந்தது என்று ஐந்து நிமிஷமாவது நின்றுதான் ஆக வேண்டும். நண்பர்களைக் கூட்டி வர முடியாது. சமையலறை அவர்களுடையது, நான் சாம்பார் வைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மிளகாய் தாளித்த நெடிக்கு இருவரும் தோட்டத்துக்கு ஓடினார்கள், பிறகு அந்த ஐயா மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார் என்பது வேறு. மொழி கொஞ்சமும் தெரியாமல் போனால் முதல் இரண்டு மாதம் ஊமை நாடகம்தான். அதனால் சென்னையில் ஜப்பானிய மொழித் தேர்வின் என்4 நிலை அளவாவது படித்துவிட்டுப் போங்கள்.

என் மதிப்பெண்: வீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, ஏஜென்சிக்கு இரண்டு. பதினொரு மாதமும் வேண்டியதில்லை, ஆறு மாதம் இருந்துவிட்டு ரூமுக்கு மாறினாலும் காசு மிச்சம், மொழி நஷ்டமில்லை. அக்டோபரில் போனால் நல்லது, புது வருஷம் கிடைக்கும். வெள்ளை மிசோவில் மோச்சி என்கிற அரிசி உருண்டை போட்ட கியோட்டோவின் புது வருஷச் சூப் சோனி, நடு இரவில் 108 மணி. 108 ஏன் என்று எனக்கு அவர்கள் விளக்க ஆரம்பித்தார்கள், எங்களுக்கும் 108 உண்டு என்றதும் விட்டுவிட்டார்கள்.

போன மாதம் அந்த அம்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது. இப்போது வியட்நாமிலிருந்து ஒரு பெண் வந்திருக்காங்களாம், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுறாங்களாம், சமையலில் யோசிக்கவே வேலையில்லையாம். எனக்கென்று வாங்கிய கொம்பு அரைப் பாக்கெட் மிச்சம் இருக்கிறது, தபாலில் அனுப்பட்டுமா, இல்லை வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள்.